கொஞ்சம் நேரமாகிற வேலை

அந்த நீலப் போர்டைக் கொஞ்சம் பைக்குள்ளே வெச்சுக்கோ கண்ணு. இவ இப்ப பஸ் ஆட்டத்துல என் மடியில தூங்கறா, சரிதான். முழிச்சான்னா முதல்ல அதைத்தான் பிடுங்கி வாயில வைப்பா. எங்க வீட்டுல இது மாதிரி போர்டு மூலைக்கு மூலை கிடக்கும். பல் முளைக்கிறப்ப மத்த குழந்தைங்க விரலைக் கடிக்கும். இவ சிப்பைக் கடிச்சா.

சிரிக்காதே, நிஜமாத்தான் சொல்றேன். நாங்க மோட்டார் பெட்டி செய்யறவங்க. கோயமுத்தூர் கணபதியில சின்னதா ஒரு கடை, அதுக்குப் பின்னாலேயே வீடு. தோட்டத்துக் கிணத்து மோட்டார் இருக்குதில்லையா, த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் அது தானா ஓடறதுக்கும், கிணத்துல தண்ணி இல்லைன்னா தானா நிக்கறதுக்கும் ஒரு பெட்டி மாட்டுவாங்க. அந்தப் பெட்டிக்குள்ளே இருக்கிற சிப்புல புரோகிராம் ஏத்தறது எங்க வீட்டுக்காரர் வேலை. பேரு பூபதி. இப்பப் பாதிக்கு மேல நான்தான் ஏத்தறேன். நான் படிச்சது பன்னெண்டாவது, அதுவும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல. உன்னை மாதிரி இன்ஜினியரிங் எல்லாம் இல்லை. போன்ல வீடியோ பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்.

இந்தப் போர்டுல புரோகிராம் ஏத்த உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? கேபிளைச் சொருகி ஒரு தட்டுத் தட்டினதும் முடிஞ்சிருச்சா? பார்த்தியா. எங்க வீட்டுக்காரர் வேலை கத்துக்கிட்ட கடையில, சிப்பு நடுவுல கண்ணாடி வெச்சிருக்குமாம். பழைய புரோகிராமை அழிக்கணும்னா, அந்தக் கண்ணாடியில ஊதா வெளிச்சம் படற மாதிரி ஒரு பெட்டிக்குள்ளே வெச்சு மூடிட்டு, இவங்க எல்லாம் சாப்பிடப் போயிருவாங்களாம். திரும்பி வந்து பார்த்தா அழிஞ்சிருக்கும். சில சமயம் அழிஞ்சிருக்காது. அப்புறம் புதுசை ஏத்தி, மாட்டிப் பார்த்து, ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் மறுபடியும் ஊதா வெளிச்சம், மறுபடியும் சாப்பாட்டுக் கடை. அந்தக் கடையில எல்லாரும் குண்டா இருந்ததுக்கு அதுதான் காரணம்னு இவர் சொல்வார்.

நான் கட்டிக்கிட்டு வந்தப்ப அந்தக் கண்ணாடிச் சிப்பு போயிருச்சு. ஆனாலும் சிப்பைக் கழட்டித்தான் ஏத்தணும். தோட்டத்துக்குப் போகணும், கரண்டை நிறுத்த பீஸ் கட்டையைப் பிடுங்கணும், பெட்டியைத் திறக்கணும், சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு நெம்பி, கம்பிக் கால் வளையாம சிப்பை எடுக்கணும். பர்னர்னு ஒரு மிஷின் இருக்கு, அதுல வெச்சு ஏத்தணும். திரும்ப மாட்டணும், ஓட்டிப் பார்க்கணும். அரை நாள் வேலை. பருவத்துக்குப் பருவம் கரண்ட் வர்ற நேரம் மாறும், வெங்காயத்துக்கு ஒரு மாதிரி தண்ணி, சோளத்துக்கு ஒரு மாதிரி. அதெல்லாம் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் நேர்ல போயே ஆகணும்.

எங்கக்கா தோட்டத்துக்கும் அப்படித்தான் போயிட்டு இருந்தோம்.

தாராபுரத்துக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டுல இறங்கி உள்ளே போகணும். இப்ப அங்கேதான் போயிட்டு இருக்கேன். நவமணின்னு பேரு எங்கக்காவுக்கு. எனக்கும் அவளுக்கும் வயசு வித்தியாசம் அதிகம். எங்கம்மா நான் ஸ்கூல் படிக்கிறப்பவே தவறிட்டா. எனக்கு மாப்பிள்ளை பார்த்தது எங்கக்காதான். எப்படின்னு கேளு. இவர் அந்தத் தோட்டத்துல பெட்டி மாட்ட வந்திருக்கார். அக்கா டீ கொண்டு போயிருக்கா. இவர் டீயை ஆற வெச்சிட்டு, அந்தச் சிப்பு ஏறி முடியற வரைக்கும் திரும்பியே பார்க்கலையாம். மறுநாள் எங்கப்பாவுக்குப் போன் பண்ணி, ஒரு பையனைப் பார்த்தேன், பொறுமையானவன், நம்ம பாப்பாவுக்குச் சரியா இருப்பான்னு சொல்லிட்டா. என்னைப் பாப்பான்னுதான் கூப்பிடுவா. எனக்குப் பாப்பா பிறக்கப் போகுதுன்னு ஆனதுக்கு அப்புறமும் நான்தான் அவளுக்குப் பாப்பா.

அந்தக் கல்யாணத்துல ஒரு சண்டை. கேட்டா நீ சிரிப்பே. மேடையில போட்டோ எடுக்கிறப்ப மூத்த மாப்பிள்ளையை, அதாவது எங்க மாமாவை, யாரும் கூப்பிடலை. அவர் பந்தி பார்த்துட்டு இருந்தார்னு எங்கப்பா நினைச்சுட்டார். அவர் கீழே நாற்காலியில உட்கார்ந்து மேடையையே பார்த்துட்டு இருந்திருக்கார். அவ்வளவுதான். அன்னைக்கு எழுந்து போனவர் போனவர்தான். எங்க வீட்டு வாசப்படியை அவரும் மிதிக்கலை, அக்காவையும் மிதிக்க விடலை. அவ கையில இருந்த போனை வாங்கிக்கிட்டார். அப்பா தவறினப்ப ரெண்டு பேரும் வந்தாங்க. வந்து நின்னாங்க, தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாங்க.

ஆனா அந்த மோட்டார் பெட்டி இருக்கே, அது இவர் செஞ்சது. வேற யாரும் அதுல கை வைக்க முடியாது. தண்ணி பாயலைன்னா வெங்காயம் போயிரும். அதனால மோட்டார் விஷயத்துக்கு மட்டும் மாமா போன் பண்ணுவார். சொந்தச் சகலையை, "மோட்டார்காரரே, வந்துட்டுப் போங்க"ன்னு கூப்பிடுவார். இவரும் "சரிங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்புவார். நான் பர்னர் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு வண்டியில பின்னாடி உட்கார்ந்துக்குவேன்.

வீட்டுக்குள்ளே கூப்பிட மாட்டார். நேரா மோட்டார் ரூமுக்குப் போகணும். அதுவும் பரவாயில்லைன்னு வெச்சுக்கோ. எங்க பக்கத்துல ஒரு வழக்கம், தோட்டத்துல யார் வந்து வேலை செஞ்சாலும் டீ கொண்டு போய்க் கொடுத்தாகணும். மரம் ஏற வந்தாலும் சரி, மோட்டார் பார்க்க வந்தாலும் சரி. டீ இல்லாம அனுப்பினா அந்தத் தோட்டத்துக்குக் கெட்ட பேரு. அதை மாமாவாலயும் தடுக்க முடியலை. அக்கா தூக்குப்போசியில டீயைக் கொண்டு வருவா. வேகவெச்ச கடலையும் கொண்டு வருவா. இவர் உள்ளே சிப்பை நெம்பிட்டு இருப்பார், நானும் அவளும் வெளியே தொட்டி ஓரமா உட்கார்ந்துக்குவோம். அவ மக தாரணி என் தலையைப் பிரிச்சுப் பின்னிக்கிட்டே இருப்பா. மாமா தூரத்துல வரப்புல நின்னு பார்ப்பார். வேலை முடியலைன்னா அவர் என்ன சொல்ல முடியும்?

இவர் இருக்காரே, அங்கே போனா மட்டும் ரொம்ப மெதுவாச் செய்வார். ஏத்தின சிப்பை மாட்டுவார், ஓட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடியும் கழட்டுவார். "என்ன மோட்டார்காரரே, இன்னும் ஆகலியா"ன்னு மாமா அங்கிருந்து கத்துவார். "இன்னும் சரியா ஏறலைங்க"ன்னு இவர் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை பிடிப்பேன். மத்த தோட்டத்துல எல்லாம் ஒரே தடவையில முடிக்கிறீங்க, அங்கே மட்டும் என்ன கை நடுக்கம், மாமா என்ன நினைப்பார், இந்த ஆளுக்குத் தொழில் தெரியலைன்னுதானே நினைப்பார். இவர் பர்னரைத் துடைச்சு எடுத்து வைப்பார். எதையும் விளக்கிச் சொல்ல வராது, அது அவர் சுபாவம்.

எனக்கு என்ன எண்ணம்னா, நம்ம வேலை சுத்தமா இருந்தா மாமா மனசு மாறிரும். பெட்டி தகராறு பண்ணாம ஓடணும், கூப்பிட்ட உடனே சரியாகணும், அட பரவாயில்லையேன்னு அவர் சொல்லணும். அப்புறம் ஒருநாள் உள்ளே வாங்கன்னு சொல்லுவார், அக்காவும் நம்ம வீட்டுக்கு வருவா. அப்படித்தான் கணக்குப் போட்டேன். தப்பா? நீயே சொல்லு.

அதுக்கப்புறம் கேபிள் வந்தது. சிப்பைக் கழட்டவே வேண்டாம், பெட்டியில ஒரு ஓரமாச் சொருகினா லேப்டாப்புல இருந்து ஏறிரும். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ளே வேலை முடிஞ்சிரும். கேபிள் வந்த பிறகு போனப்ப அக்கா முகம் ஒரு மாதிரி வெளுத்துக் கிடந்தது. மஞ்சள் பூசலையான்னு கேட்டேன். பூசியிருக்கேன் பாப்பா, ஒட்ட மாட்டேங்குதுன்னா. கிளம்பறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மாமா வர்றாரான்னு திரும்பிப் பார்த்துட்டுச் சொன்னா. "பாப்பா, அடுத்த தடவை வர்றப்ப கொஞ்சம் நேரமாகிற வேலையா வெச்சுக்கச் சொல்லு தம்பியை. உங்கூடப் பேசணும்."

நான் சிரிச்சுட்டேன். எந்த ஊர்ல மோட்டார்காரன்கிட்ட இப்படிக் கேட்பாங்க? சீக்கிரம் முடிங்கன்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க? சொல்றேன்க்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். மாமா வந்துட்டார், வேற ஒண்ணும் பேச முடியலை.

அந்த நேரத்துலதான் சிம் போட்ட போர்டு வந்தது. இதுக்கு ஊருக்கே போக வேண்டாம். கணபதியில வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே தாராபுரத்துப் பெட்டியில புரோகிராம் ஏத்தலாம். அங்கே ஏதாவது கோளாறுன்னா நம்ம போனுக்குத் தகவல் வந்துரும். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியலை. புரோகிராம் எழுதறதுகூட எவ்வளவு சுலபமாயிருச்சு பாரு. முன்னாடி இவர் எழுதறது எனக்கு மந்திரம் மாதிரி இருக்கும். இப்ப யாரோ எழுதி வெச்சிருக்காங்க, எடுத்து நமக்கு வேணுங்கிற மாதிரி ரெண்டு வரி மாத்தினா ஓடுது. எல்லாத் தோட்டத்துக்கும் மாத்திரலாம்னு சொன்னேன். இவர் சரின்னார். அக்கா தோட்டத்துக்கு மட்டும் வேண்டாம்னார். ஏன்னு கேட்டா, அங்கே சிக்னல் கிடைக்காதுன்னார். நான் விடலை. அவ்வளவு தூரம் வண்டி, பெட்ரோல், எனக்கு அப்பத்தான் வயிறு தெரிய ஆரம்பிச்சிருந்தது, இனி மேடு பள்ளத்துல வண்டியில போக முடியுமான்னு கேட்டேன். இவர் எழுந்து போர்டை எடுத்துப் பையில வெச்சார்.

அன்னைக்கு மாட்டினதுதான் எங்க வேலையிலேயே சுத்தமான வேலை. பழைய பெட்டியைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டினோம், நான் போன்ல தட்டினேன், ஏறிருச்சு. அக்கா போசியை எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ளே முடிஞ்சிருச்சு. டீ நல்லா கொதிக்கக் கொதிக்க இருந்தது. மாமா பக்கத்துல வந்து பார்த்து, இனி வரவே வேண்டியதில்லையான்னு கேட்டார். வேண்டியதே இல்லைங்க மாமான்னு சொன்னேன். "பரவாயில்லையே"ன்னார். கேட்டியா? அத்தனை வருஷத்துல என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் திரும்பி அக்காவைப் பார்த்துக் கண்ணடிச்சேன். அவ டம்ளரைக் கழுவிட்டு இருந்தா.

பேசணும்னு சொன்னியேக்கான்னு கேட்டேன். மாமா பக்கத்துல நின்னார்ல, அதனால ஒண்ணுமில்லைன்னா. என் வயித்தைத் தொட்டுப் பார்த்தா. அவ்வளவுதான்.

கண்டக்டர் என்ன சொல்றார், பல்லடமா? இன்னும் நேரம் இருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிக்கறேன், இவ தலை உன் மேல இடிக்குது. இடிச்சா இடிக்கட்டும்னா சொல்றே? நல்ல பொண்ணு.

ஐப்பசியில இவ பிறந்தா. நல்ல மழை. அக்காவுக்குச் சேதி சொல்லணுமே, மாமா போனுக்குக் கூப்பிட்டு, பெண் குழந்தைங்க மாமான்னு சொன்னேன். சரி, சொல்லிடறேன்னு வெச்சுட்டார். அந்த வாரமே அந்தத் தோட்டத்துல இருந்து தகவல், மோட்டார் நின்னுருச்சு. தண்ணி இல்லைன்னு காட்டுது. ஐப்பசி மழையில கிணறு கையால மொள்ற மாதிரி கிடக்கும், அங்கே எப்படித் தண்ணி இல்லாமப் போகும்? கிணத்துக்குள்ளே விடற சென்சார் வயர் கழண்டிருக்கும்னு எனக்கு உடனே புரிஞ்சிருச்சு. பெட்டிக்கு என்ன தெரியும்? தண்ணி இல்லைன்னாலும் அதுக்கு ஒண்ணுதான், வயர் இல்லைன்னாலும் அதுக்கு ஒண்ணுதான். மாமாகிட்ட போன்ல சொன்னேன். பார்த்தார், வயர் கழண்டுதான் கிடந்தது. சொருகினார், ஓடிருச்சு. நாலு வார்த்தையில முடிஞ்சது. முன்னாடியா இருந்தா பர்னரைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்போம்.

மறுபடியும் நின்னுச்சு. மறுபடியும் வயர். சொருகினா ஓடும், கொஞ்ச நாள்ல திரும்ப நிக்கும். இவர் ஒரு தடவை, நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமான்னு கேட்டார். பச்சை உடம்புக்காரியை விட்டுட்டு ஒரு வயரைச் சொருகறதுக்கு அவ்வளவு தூரம் போவீங்களான்னு கேட்டேன். எலிதான் இழுக்குதுன்னு சொன்னேன். மழைக்கு மோட்டார் ரூமுக்குள்ளே எலி வரும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. குழந்தை பிறந்த நாள்ல இருந்து அந்த எலிக்கு என்ன பசியோ, வாரம் தவறாம வந்துட்டு இருந்தது.

மாமாவுக்குக் கோவம் வந்துருச்சு. என்னம்மா, வரவே வேண்டியதில்லைன்னு சொன்னே, இப்படிப் படுத்துதேன்னார். எனக்கு அது சுருக்குன்னு இருந்தது. பரவாயில்லையேன்னு சொன்ன மனுஷன் வாயில இருந்து இது வரலாமா? அன்னைக்கு மத்தியானம் இவளை மடியில போட்டுப் பால் கொடுத்துக்கிட்டே ஒரு வேலை செஞ்சேன். புரோகிராம்ல ஒரு வரி மாத்தினேன். வயர் இல்லைன்னாலும் இருக்குன்னு வெச்சுக்கிட்டு நீ பாட்டுக்கு ஓடு, அப்படின்னு. கோளாறு தகவலையும் நிறுத்திட்டேன், சும்மா சும்மா போன் கத்திக்கிட்டு இருந்தா இவ முழிச்சுக்குவா. ஒரு கையால இவ முதுகைத் தட்டிக்கிட்டே மறு கையால ஏத்தி விட்டேன். தாராபுரத்துல மோட்டார் ஓடுது. இவர்கிட்ட சொல்லலை. சொன்னா வேண்டாம்பார், அவருக்கு எல்லாத்துக்கும் பயம். கோடைக்கு முன்னாடி பழையபடி மாத்திரலாம்னுதான் நினைச்சேன், கிணத்துல தண்ணி இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது.

அதுக்கப்புறம் அங்கிருந்து ஒரு புகார் வரணுமே. ஒண்ணுகூட இல்லை. எவ்வளவு நிம்மதி தெரியுமா.

அப்புறம் பங்குனியில இவளுக்கு அம்மை போட்டுருச்சு. வீடு பூரா வேப்பிலை, நான் போனைக் கையிலேயே எடுக்கலை. அந்த நேரம் பார்த்து அங்கே கிணறு அடியோட வத்தியிருக்கு. மோட்டார் தண்ணி இல்லாம ஓடி, காயில் கருகிப் போச்சு. மாமா போன் பண்ணினார். இவர்தான் எடுத்தார். என்ன பேச்சுப் பேசினார்ங்கிறே. பெட்டியைக் கழட்டி வீசிட்டேன், இனி உங்க சகவாசமே வேண்டாம்னு வெச்சுட்டார். இவர் என்கிட்ட வந்து, தண்ணி இல்லைன்னா நிக்கிற பெட்டி எப்படி ஓடுச்சுன்னு கேட்டார். சொன்னேன். எலி, வயர், ஒரு வரி, எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன். திட்டலை. எத்தனை தடவை வயர் கழண்டுச்சுன்னு மட்டும் கேட்டார். நிறைய தடவைன்னேன். எழுந்து போய்க் கடை ஷட்டரை இறக்கிட்டு உள்ளேயே இருந்தார். வியாபாரம் நடக்கிற நேரத்துல.

மோட்டாருக்குப் புதுசாக் காயில் கட்டி மாட்டிட்டார், கோடை மழையில கிணத்துலயும் தண்ணி ஊறிருச்சு. ஆனா பெட்டி இல்லைன்னா என்ன செய்யணும்? கரண்ட் வர்றப்ப எல்லாம் யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கணும். மாமா சந்தைக்குப் போவார், ஊருக்குப் போவார். அக்காதான் போயிட்டு இருந்திருக்கா. ஒருநாள் மோட்டார் ரூம்லயே விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. உடம்புல ரத்தமே இல்லைன்னு டாக்டர் சொன்னாராம். மாசாமாசம் போக வேண்டியது மாசம் பூரா போயிட்டு இருந்திருக்கு, வருஷக் கணக்கா. கர்ப்பப்பையில கட்டி. மாத்திரையில சரி பண்ணியிருக்கலாம், இல்லைன்னா ஒரு ஆபரேஷன். இதை எங்க மாமாகிட்ட அவ எப்படிச் சொல்லுவா? அவர்கிட்ட உட்கார்ந்து பேசற மாதிரியா குடும்பம் நடந்தது? யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் உடனே கூட்டிட்டுப் போயிருப்பேன், மாமா காலில விழுந்தாவது கூட்டிட்டுப் போயிருப்பேன். ஆடி மாசம் போயிட்டா.

இல்லை கண்ணு, எனக்கு ஒண்ணுமில்லை. தண்ணி இருக்கு என்கிட்ட. நீ குடி.

இப்ப எதுக்குப் போறேன்னா, மாமாவே போன் பண்ணினார். பட்டனை அமுக்க ஆள் இல்லையாம். மறுபடியும் ஒரு பெட்டி போட்டுக் கொடுங்கன்னார். மோட்டார்காரரேன்னுதான் கூப்பிட்டார், ஆனா குரல் பழைய மாதிரி இல்லை. இவர் ராப்பகலா உட்கார்ந்து ஒரு பெட்டி செஞ்சார். இதோ சீட்டுக்கு அடியில இருக்கு பார், அதுதான். செஞ்சு முடிச்சுக் கையில கொடுத்தப்ப திறந்து பார்த்தேன். சிம் இல்லை. கேபிள் சொருகற இடம்கூட இல்லை. பழைய சிப்பு. கழட்டி பர்னர்ல வெச்சு ஏத்தற சிப்பு. அதைத் தேடி எங்கெங்கேயோ கேட்டு அலைஞ்சு வாங்கிட்டு வந்திருக்கார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. இந்தக் காலத்துல யாராவது இதைப் போடுவாங்களா, பருவத்துக்குப் பருவம் போய் நிக்கணுமே, அரை நாள் ஆகுமே, உங்களுக்கு மூளை இருக்கான்னு கேட்டேன்.

"தாரணி அங்கேதானே இருக்குது"ன்னார்.

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தாரணியைப் பார்க்கணும்னா நான் போன்ல கேட்டுட்டுப் போறேன். இனி மாமா தடுக்கவா போறார். தடுப்பார்னு வெச்சுக்கோ, அதுக்காகச் சிப்பையா கழட்டுவாங்க? சொன்னா கேட்கலை. இன்னைக்கு நீ முன்னாடி குழந்தையோட போ, நான் பர்னரை எடுத்துக்கிட்டு வண்டியில வர்றேன், மெதுவா வர்றேன்னார். இப்ப எந்தத் தோட்டத்துக் கோளாறா இருந்தாலும் அவர் நேர்லதான் போறார். நான் வீட்டுல இருந்தே தட்டிடறேன்னு சொன்னாலும் கேட்கறதில்லை. போய் உட்கார்ந்து டீ குடிச்சிட்டு, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டுட்டு வர்றார். அவருக்கு என்னமோ ஆயிருச்சு.

அக்கா காரியத்தன்னைக்கு ராமாத்தான்னு ஒரு அம்மா என் பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சு. அந்தத் தோட்டத்துல களை எடுக்கிறது. அழுதுட்டு இருந்தேன், அது என் முதுகைத் தடவிக் கொடுத்துட்டே ஏதேதோ பேசுச்சு. பேச்சுவாக்குல நான்தான் சொன்னேன், அந்தப் பாழாப்போன எலி மட்டும் வயரை இழுக்காம இருந்திருந்தா மோட்டார் கருகியிருக்காது, எங்கக்கா பட்டன் அமுக்கப் போயிருக்க மாட்டாள்னு. அது என் மூஞ்சியையே பார்த்துச்சு.

"எலியெல்லாம் ஏதுங்க அம்மிணி. உங்கக்காதான் கழட்டி விடுவாங்க. கழட்டிட்டு, இன்னைக்கு எந்தங்கச்சி வருவா ராமாத்தா, கொழந்தையத் தூக்கிட்டு வருவாம்பாங்க. கடலை வேகவெச்சு எடுத்தாந்து தொட்டிகிட்ட உக்காந்திருப்பாங்க. தோட்டத்து அய்யன் உங்ககிட்ட போன்ல கேட்டுட்டு வந்து சொருகிட்டுப் போயிருவாரு. அப்பறம் அந்தக் கடலை எங்களுக்குத்தான்."

எனக்கு அது சரியாப் படலை. ராமாத்தாவுக்கு வயசாயிருச்சு, ஒண்ணை ஒண்ணோட சேர்த்துச் சொல்லும். எங்கக்கா அப்படிச் செய்யறவ இல்லை. பயிர் காயும்னு தெரியாதா அவளுக்கு? வயரைக் கழட்டினா நாங்க வந்துருவோம்னு அவ ஏன் நினைக்கணும், வரவே வேண்டியதில்லைன்னு நான்தான் அவளை வெச்சுக்கிட்டே சொன்னேனே.

ஆனா ராமாத்தா இன்னொண்ணு சொல்லுச்சு. அதைத்தான் யார்கிட்டயாவது கேட்கணும்னு இருக்கேன். இவர்கிட்ட கேட்க முடியாது, எழுந்து போயிடறார். ஒருநாள் அக்கா வயரைக் கழட்டியிருக்கா, மோட்டார் நிக்கவே இல்லையாம். நான் அந்த வரியை மாத்தினதுக்கு அப்புறமா இருக்கும். வயரைக் கையில வெச்சுக்கிட்டு மோட்டாரையே பார்த்துட்டு நின்னாளாம். ரொம்ப நேரம். ராமாத்தா பயந்துபோய், என்னங்கம்மா இது பேய் பிடிச்ச மாதிரி ஓடுதுன்னு கேட்டுச்சாம். எங்கக்கா சிரிச்சாளாம். எந்தங்கச்சி என்னமோ பண்ணியிருக்கா ராமாத்தா, அவ கெட்டிக்காரின்னாளாம். அப்புறம் வயரை இருந்த இடத்துல சொருகிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் கழட்டப் போகவே இல்லையாம்.

எங்கக்கா என்னை நேர்ல ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை கண்ணு. மக்கு, வாயாடி, எல்லாம் சொல்லியிருக்கா. கெட்டிக்காரின்னு சொன்னதில்லை.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாளாம், ராமாத்தாகிட்ட ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன். கோவம் இருந்தா சிரிச்சிருப்பாளா? நீ படிச்சவ, நீ சொல்லு. சிரிச்சிருக்க மாட்டா இல்ல?